கற்றாழைப் பாத்தி

சிங்கப்பூர்த் தேக்காவில் மாட்டுப் பட்டிகள் இருந்த காலத்தில், ரத்தினம்மாவின் கொல்லைக்குள் நுழைந்த நாய் எதுவும் கல்லடி வாங்காமல் வெளியேறியதில்லை. நாய்க்காவது கல்லோடு போயிற்று. அதை வளர்த்த பக்கத்துப் பட்டிக்காரர் மருதப்பன் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல. ராங்கிக்காரி என்று ஊரே சொன்னது. அவள் அசரவில்லை.

அசர முடியாது. கொல்லையில் இருந்த கற்றாழைப் பாத்திக்கு அடியில் அவளுடைய பிள்ளை கிடந்தது. பெயர் வைப்பதற்குள் கண்ணை மூடிய ஆண் பிள்ளை. பல் முளைக்காத பிள்ளையைக் கொல்லையில் புதைத்தால் அதே வயிற்றுக்குத் திரும்பி வரும், குழி கலைந்தால் வராது என்பது அவள் பிறந்த ஊரின் நம்பிக்கை. சிங்கப்பூர்ச் சட்டமோ இடுகாட்டைத் தவிர வேறெங்கும் புதைக்கக் கூடாது என்றது. வெளியே தெரிந்தால் ரோடு போடும் வேலையில் இருந்த புருஷன் கோவிந்தசாமி கம்பி எண்ண வேண்டியதுதான். ஆகவே இருவரும் வாயைக் கட்டிக்கொண்டார்கள். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். பால் கட்டி மார் கனத்தவளுக்கு வேறு என்ன பிடிமானம் இருந்தது?

மருதப்பனின் கறுப்பு நாய் கறுப்பன் அந்தப் பாத்தியையே சுற்றிச் சுற்றி வந்தது. எலுமிச்சை முள்ளை வெட்டி வேலி போட்டாள், தாண்டியது. மிளகாய்த்தூளைத் தூவினாள், மழை அடித்துக்கொண்டு போயிற்று. கடைசியில் கற்றாழையை நெருக்கி நட்டாள்.

"நாயக் கட்டிப்போட வக்கில்லாதவருக்கு நாய் எதுக்குய்யா? இன்னொரு தடவ வரட்டும், கால ஒடிச்சிடறேன்!"

"கட்டிடறேன் தாயி" என்பார் மருதப்பன். எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டார். அது அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

வருஷங்கள் ஓடின. வயிறு திறக்கவில்லை. குழியைச் சரியாகத்தான் காக்கிறோம், அவன் வரும் வேளை இன்னும் வரவில்லை என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டாள்.

பிறகு கோவிந்தசாமிக்கு ரோடு வேலை போயிற்று. பொங்கோல் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில்தான் பிழைப்பு என்றாகிவிட்டது. போன பிறகு குழியை யார் பார்ப்பது? புறப்படும் அன்று காலையில் வீம்பை விட்டு அவள் பட்டிக்குப் போனாள். மருதப்பன் கல்தொட்டியில் மாடுகளுக்குப் புண்ணாக்குக் கரைத்துக்கொண்டிருந்தார். கிழடாகிவிட்ட கறுப்பன் பக்கத்தில் படுத்திருந்தது.

"அண்ணே, பேசாத பேச்செல்லாம் பேசிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க. அந்தக் கத்தாழைக்குக் கீழ எம்புள்ள இருக்கான். நாய் தோண்டாம நீங்கதான் பாத்துக்கணும்."

மருதப்பன் தொட்டியிலிருந்து கையை எடுத்தார்.

"தெரியும் தாயி."

"என்ன தெரியும்?"

"நீங்க பொதச்ச மறுநாள் பெருமழ. மண்ணு கரைஞ்சிருச்சு. இவன் ஒரு துணி மூட்டையக் கவ்விக்கிட்டு வந்து போட்டான். பிரிச்சுப் பாத்துட்டு ஆடிப்போயிட்டேன். நீ பச்ச ஒடம்புக்காரி, சொன்னா உயிர விட்டுடுவியோன்னு பயம். குழிய மூடிச் சமன் பண்ணிட்டேன். அங்கேயே வச்சா மறுபடி தோண்டிடுவான்னு, புள்ளய இங்க ஆழமா வச்சு, மேல இந்தத் தொட்டிய நகத்திட்டேன்."

ரத்தினம்மா தொட்டியைப் பார்த்தாள். ஒரு பசு அதில் வாயை வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தது.

"அதான் அவன் வரல" என்றாள்.

"யாரு வரல தாயி?"

குழி கலைந்தால் வராது என்பது அவருக்குத் தெரியாது. அவரைக் குறை சொல்லி என்ன பயன்? தொட்டியின் விளிம்பைப் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள்.

ரத்தினம்மா மாட்டு வண்டியில் ஏறப் போனபோது கறுப்பன் கொல்லைக்குள் புகுந்து, கற்றாழைப் பக்கம் போனது. அவள் கை பழக்கத்தில் கீழே கிடந்த கல்லை எடுத்துவிட்டது. அதை அவள் எறியவில்லை. பொங்கோல் போய்ச் சேர்ந்தபோதும் அந்தக் கல் அவள் கையில்தான் இருந்தது.