இடப்பக்கம் வராத பாட்டு

பானைக்குள்ளிருந்து வரும் தவில் சத்தம் முதலில் காலில்தான் தெரியும். மண்தரை அதிரும், பிறகுதான் காதுக்கு வரும். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுத் தறிக்கு இடப்பக்கம் ஒரு பானை, வலப்பக்கம் ஒரு பானை. இரண்டின் வாயிலும் ஒவ்வொரு ஸ்பீக்கர் பொருத்தியிருந்தது. அப்படி வைத்தால் "பேஸ்" என்கிற கனத்த சத்தம் நன்றாக வரும் என்று தெருவில் பல வீடுகளில் வைத்திருந்தார்கள். டேப், ஆம்ப்ளிஃபயர், பானைகள் எல்லாம் சேர்த்து "செட்டு" என்போம்.

அப்பா நெய்துகொண்டே பாட்டுக் கேட்பார். தறிச் சத்தம் கொஞ்சம் மாறினாலே எங்கோ இழை அறுந்துவிட்டது என்று குனிந்து பார்ப்பார். பார்த்த இடத்தில் அறுந்திருக்கும். அப்படிப்பட்ட காது. அதனால்தான் ஒருநாள் அவர் "இடப்பக்கம் பாட்டே வரல" என்றபோது, எனக்கும் தம்பிக்கும் நன்றாகக் கேட்டும், நாங்கள் எங்கள் காதை நம்பாமல் அவர் காதை நம்பினோம்.

ஒயரை மாற்றினார். சமையலறையிலிருந்து வேறு பானை எடுத்து வந்து மாற்றினார். அதையும் மாற்றினார். "ஊட்ல இருக்கற பானையெல்லாம் பாட்டு பாடப் போயிடுச்சு, நான் எதுல சோறாக்கறது?" என்று அம்மா கேட்டாள். கடைசியில் பெரிய ஆம்ப்ளிஃபயர் வாங்குவதா, ஸ்பீக்கரை மாற்றுவதா என்று பேச்சு வந்தது. இரண்டையும் வாங்க வசதியில்லை. தம்பி ஆம்ப்ளிஃபயர் என்றான். அப்பா ஸ்பீக்கர்தான் என்றார். செட்டு செய்து கொடுத்த தாஸ் அண்ணன் புது ஸ்பீக்கரோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார்.

வந்தவர் புதியதைப் பிரிக்கவில்லை. பாட்டை ஓடவிட்டு, இருந்த இரண்டு ஸ்பீக்கரையும் இடம் மாற்றி வைத்தார்.

"இப்ப எப்டிணா?"

"இடப்பக்கம்தான்பா வரல."

ஒயரையும் மாற்றினார். அதே பதில். தாஸ் அண்ணன் ஸ்பீக்கரை விட்டுவிட்டு அப்பாவைப் பார்த்தார். பிறகு, "அண்ணா, அப்படியே சுவத்தப் பாத்து திரும்பி குந்துணா" என்றார். அப்பா தறிக்குழியிலிருந்து காலை எடுத்துத் திரும்பி உட்கார்ந்தார்.

"அட, இது வந்துடுச்சு! இப்ப அது போச்சுபா" என்று மறுபக்கத்துப் பானையைக் காட்டிச் சிரித்தார்.

நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. எங்கள் முகத்தைப் பார்த்தார். பிறகு தானே வலது காதை விரலால் அடைத்துக்கொண்டார். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அது முடிகிறவரை அப்படியே இருந்தார்.

விரலை எடுத்ததும், "செட்டு மேல தப்பில்ல. புதுச எடுத்துக்கினு போ தாஸு" என்றார். இரண்டு பானையையும் வலப்பக்கமே வைத்துவிடலாம் என்றாள் அம்மா. "வோணாம். பசங்களுக்கு ரெண்டு பக்கமும் கேக்குது இல்ல, இருக்கட்டும்" என்றார். இடது காது போனது போனதுதான், இனி வராது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அப்பாவிடம் எது சொல்வதென்றாலும் தறியைச் சுற்றி அவருடைய வலப்பக்கம் போய்ச் சொல்வோம்.

இப்போது செவிலிமேட்டில் இருக்கிறோம். பானை வைத்துப் பாட்டுக் கேட்கிறவர்கள் யாரும் இல்லை. அப்பாவும் இல்லை. டிவிக்குக் கீழே இருக்கும் நீள ஸ்பீக்கரை மாற்றுவதா, கூட பேஸுக்கென்று ஒரு "சப்வூஃபர்" மட்டும் வாங்குவதா என்று என் மகன் இரண்டு வாரமாக யோசிக்கிறான். நேற்று என்னைக் கேட்டான். பதில் சொல்ல எழுந்தவள், அவன் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போய் வலப்பக்கம் நின்றேன்.

"ஏம்மா இம்மாந்தூரம் வர்ற? அங்கருந்தே சொல்லு, கேக்குது" என்றான்.