எங்களுக்கு எதிரே நின்ற மலர் அக்கா

மலர் அக்காவின் இலக்கத்திலிருந்து எங்கள் கராத்தே கழகத்தின் வாட்ஸ்அப் குழுவுக்குக் குரல்பதிவு வந்தால், அது பயிற்சி நேரத்தைப் பற்றித்தான் இருக்கும். போன செவ்வாய்க்கிழமை காலையும் அப்படி நினைத்துப் பல் தீட்டிக்கொண்டே அழுத்தினேன். அவருடைய கணவரின் குரல் கேட்டது. "பிள்ளையள், மலர் விடியப்புறம் எங்களை விட்டிட்டுப் போட்டா. இண்டைக்கு வகுப்பில்லை." காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் இருந்தவர், ஞாயிறு வந்துவிடுவேன் என்றுதான் என்னிடம் சொல்லியிருந்தார். அந்தப் பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன், அடுத்த தடவை வேறு ஏதாவது சொல்லிவிடும் என்பதுபோல.

உருத்திரபுரத்தில் எங்கள் கழகம் தொடங்கியது ஓர் அரிசி ஆலையின் சீமெந்துத் தளத்தில். அங்கே நெல் காயப்போட்டுக் கிளறுவது அக்காவின் வேலை. பக்கத்து வீடு எங்களுடையது. நான் அப்போது நாள் முழுக்கப் போனில் கராத்தே வீடியோ பார்த்து, கண்ணை மூடினாலும் கராத்தே தெரிகிற நிலையில் இருந்தேன். ஒருநாள் அக்கா வேலிக்கு மேலால் எட்டி, "உந்தக் காலைத் தூக்கிற விளையாட்டை எனக்கும் காட்டு பாப்பம்" என்றார். என்னிடம் போன் இருந்தது, அவரிடம் தளம் இருந்தது. நெல்லை அள்ளிய பின்னேரங்களில் போனை உமி மூட்டையில் சாத்திவிட்டு இருவரும் பழகினோம். சீமெந்து பகல் வெயிலைப் பாதத்துக்குள் விட்டுக்கொண்டிருக்கும். சரிந்த வெளிச்சத்தில் உமித்தூள் மிதக்கும். அதற்குள்ளே அவருடைய கை, தண்ணீருக்குள் அசைவதுபோல, மெல்லப் போய் வரும். பிறகு அவருடைய மகள் வந்தாள். மகளின் கூட்டாளிகள் வந்தார்கள். தளம் சுடுகிறது என்று முறையிட்டால், "சுட்டால் கெதியாய் மாறி நில்லுங்கோ, அதுதானே கராத்தே" என்பார்.

முதல் பெல்ட் சோதனை வவுனியாவில். இதில் தேறினால் தொடரலாம், இல்லாவிட்டால் வீட்டிலிருந்து படிக்கட்டும் என்று வான் வண்டியில் ஏறும்போதே தகப்பன்மார் சொல்லிவிட்டார்கள். எங்கள் முதல் பிள்ளை காட்டாவை, அதாவது அந்த அசைவு வரிசையைத் தொடங்கியதுமே சோதனை எடுத்த மாஸ்டர் கையைத் தூக்கி நிறுத்தினார். அடுத்தவளையும் நிறுத்தினார். இடப்பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் எல்லோரும் வலப்பக்கம் திரும்புகிறீர்கள், எங்கே பழகினீர்கள் என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. வீடியோவில் அந்த மனிதர் எங்களைப் பார்த்து நிற்பார். அவருடைய இடது எங்களுக்கு வலது. ஒரு கழகமே பக்கம் மாறிப் பழகியிருந்தது!

மற்றக் கழகத்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். அக்கா மறைக்கவில்லை. "ஓம் மாஸ்டர், போனைப் பார்த்துத்தான் பழகினனாங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு எங்களைக் கூப்பிடுங்கோ" என்றார். மாஸ்டர் தலையாட்டினார்.

மண்டபத்துக்குப் பின்னால் மர நிழலில் அக்கா பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினார். சாப்பாட்டுப் பொதிகள் பிரியாமலே கிடந்தன. "நான் எங்கடை பிழையையே செய்யிறன். நீங்கள் என்னைப் போன் எண்டு நினைச்சுச் செய்யுங்கோ." அவர் வலப்பக்கம் திரும்பினார். எதிரே நின்ற எல்லோரும் இடப்பக்கம் திரும்பினார்கள். சரியாக! திரும்பவும், திரும்பவும். நிழலுக்குள் அந்த வரிசை ஒரே மூச்சாக ஆடியது இன்னும் என் நித்திரையில் வருகிறது.

பிள்ளைகள் எல்லோரும் தேறினார்கள், நானும்தான். கடைசியாக அக்கா போனார். மத்தியானம் முழுக்கப் பிழையாகத் திரும்பிய உடம்பு மண்டபத்திலும் வலப்பக்கமே திரும்பியது. மாஸ்டர் இன்னொரு தடவை கொடுத்தார். அப்போதும் வலப்பக்கம். திரும்பும் வழியில் ஒரு தகப்பன், "என்ன மலர், பிள்ளையளுக்கு மஞ்சள் பெல்ட், உமக்கு வெள்ளையே?" என்று சீண்டினார். "மஞ்சளை நான் கறிக்குப் போடுறன் அண்ணை" என்றார் அக்கா. வான் முழுக்கச் சிரித்தது.

கழகம் வளர்ந்தது. பழக்குவதற்குத் துணுக்காய்க்குப் போனோம், செட்டிகுளத்துக்குப் போனோம். எங்கே புதுப் பிள்ளைகள் வந்தாலும் அவர்களுக்கு எதிரே நின்று பக்கம் மாற்றிச் செய்து காட்டியவர் மலர் அக்காதான். அவருக்குப் பெல்ட்டில் ஆசை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு பின்னேரம் மகளின் மண்ணிறப் பெல்ட்டைத் தன் இடுப்பில் கட்டி, ஆலைக் கந்தோரின் யன்னல் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார். சோதனைக்கு வாருங்கள், நானே பழக்குகிறேன் என்று கெஞ்சினேன். "நான் சரியாய்த் திரும்பப் பழகிட்டால், புதுசாய் வாறதுகள் ஆரைப் பாக்கிறது?" என்று கேட்டுவிட்டு முடிச்சை அவிழ்த்தார்.

அவருடைய வெள்ளைப் பெல்ட் மகளிடம் இருக்கிறது, அது அவளுக்குரியது. நான் எடுத்துக்கொண்டது அவர் நின்ற இடத்தை. நேற்றுப் புதுப் பிள்ளைகளுக்கு எதிரே நின்றேன். இத்தனை வருடம் சரியாகப் பழகிய கால், தன்பாட்டில் இடப்பக்கம் போனது. முன்வரிசையில் நின்ற சின்னவள் அசையவில்லை.

"அக்கா, நீங்கள் மற்றப்பக்கம் திரும்ப வேணும். மலர் அன்ரி அப்பிடித்தான் திரும்பிறவா."

திரும்பினேன்.