படிக்குக் கீழே சித்தியின் அறை

சுவிஸில் கூர் நகரத்தில் நாங்கள் அப்போது இருந்த வீட்டில் மேலே இரண்டு படுக்கையறைகள், கீழே குசினியும் ஹோலும். நடுவே ஏறிய மரப்படிக்குக் கீழே சரிவாக ஓர் இடம் இருந்தது. வேறெங்கும் வைக்க முடியாததெல்லாம் அங்கேதான் போய்ச் சேரும்: அரிசி மூட்டை, பனிச்சப்பாத்துகள், யாரோ தந்த பிளாஸ்டிக் நத்தார் மரம். அந்த மரத்தை எறிய அப்பாவுக்கு மனம் வரவில்லை. நிமிர்த்தி வைக்க வேறு யாருக்கும் நேரம் வரவில்லை.

எனக்கு எட்டு வயதான குளிர்காலத்தில் சித்தி வந்தார். சித்தி அம்மாவின் தங்கை. கலியாணம் முடித்து எங்கடின் பள்ளத்தாக்கில் ஒரு மலைக்கிராமத்தில் இருந்தவர். சித்தப்பாவுக்கு அங்கே ஹோட்டல் வேலை. அவர்களுடைய வீட்டு ஜன்னலில் நின்றால் மலை முழுவதும் தெரியும் என்று அம்மா எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வார். அந்தச் சித்தி ஒரு பின்னேரம் ஒற்றைப் பெட்டியோடு எங்கள் வாசலில் நின்றார். லீவுக்கு வந்திருக்கிறார் என்று எனக்குச் சொன்னார்கள். நானும் நம்பினேன்.

முதலில் ஹோல் சோபாவில்தான் படுக்கை விரித்தார்கள். தெருவைப் பார்த்த பெரிய ஜன்னல் அங்கே இருந்ததால் சித்தியால் கண்மூட முடியவில்லையாம். என்னோடும் தம்பியோடும் படுக்கச் சொன்னதற்கும் அவர் ஒப்பவில்லை. கனவில் கத்தினால் பிள்ளைகள் பயந்துவிடும் என்றார். கனவில் கத்தத் தெரிந்த ஒருவர் எங்கள் குடும்பத்தில் இருப்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

அம்மா நீண்ட நேரம் யோசிக்கிறவர் அல்ல. படிக்குக் கீழே கிடந்ததையெல்லாம் வெளியே இழுத்துப் போட்டார். அப்பா குனிந்து பார்த்துவிட்டு, அது ஒரு பூனைக்குத்தான் காணும் என்றார். அம்மா வேலையால் வந்த உடுப்போடேயே தரையில் நீட்டிப் படுத்துக் காட்டினார். அப்பா மரம் அறுக்கும் வாளை எடுக்கப் போனார்.

பழைய அலுமாரி ஒன்றை அறுத்துத்தான் அந்த அறையைச் செய்தார். பலகைகள் கட்டிலாயின. இழுப்பறைகள் கட்டிலின் அடியில் போயின. கால் நீட்டும் பக்கம் தாழ்வு, தலை வைக்கும் பக்கம் உயரம், தலைமாட்டில் ஒரு சின்ன விளக்கு. அலுமாரிக் கதவே அறைக் கதவானது. சித்தி தனக்கென்று கேட்டது உட்பக்கம் பூட்ட ஒரு கொழுக்கி மட்டும். எனக்கும் தம்பிக்கும் பொறாமை தாங்கவில்லை. நாங்கள் படியேறும்போது சித்தி உள்ளேயிருந்து தட்டுவார். நாங்கள் காலால் பதில் தட்டுவோம். வகுப்பில் யாருடைய வீட்டிலும் இப்படி ஓர் அறை இல்லை என்பதை விசாரித்து உறுதி செய்துகொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மணி அடித்தது. கதவைத் திறந்தது நான்தான். கோட்டில் பனியோடு சித்தப்பா நின்றார். சித்தி எங்கே என்று அன்பாகத்தான் கேட்டார். இப்படி யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவள் நான்.

"படிக்குக் கீழ. வாங்கோ, காட்டுறன்" என்று கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன்.

கொழுக்கி விழும் சத்தம் கேட்டது. அம்மா குசினியிலிருந்து ஈரக்கையோடு வந்து அந்தக் கதவுக்குப் பக்கத்தில் நின்றார். என்னை ஏசவில்லை. சித்தப்பா சிரித்தார்.

"மூண்டு அறை வீடு அங்க சும்மா கிடக்குது, அக்கா. இவ இதுக்குள்ளயோ படுக்கிறா?"

"ஓம். இது அவவின்ர அறை" என்றார் அம்மா. "தட்டிக் கேளுங்கோ. வாறதும் வராததும் அவவின்ர விருப்பம்."

அவர் தட்டினார். தான் இல்லாவிட்டால் சித்திக்கு இந்த நாட்டில் இருக்கப் பெர்மிட் கிடையாது, திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று கதவோடு கதைத்தார். அதையெல்லாம் குடிவரவுக் கந்தோரில் போய்க் கதைத்தாயிற்று என்று அம்மா சொன்னார். பிறகுதான் உள்ளேயிருந்து சித்தியின் குரல் வந்தது. உரத்த குரல் அல்ல. ஆனால் தெளிவாக இருந்தது.

"நான் வரேல்லை. நீங்கள் போங்கோ."

சித்தப்பா இன்னொரு முறை பலமாகத் தட்டினார். அப்பா மேலேயிருந்து இறங்கிவந்து, கடைசிப் படியில் உட்கார்ந்து ஒரு தோடம்பழத்தை உரிக்கத் தொடங்கினார். அவசரப்படாமல் அதை முழுவதும் உரித்து முடித்தார். சித்தப்பா கையை இறக்கினார். தேத்தண்ணி போடவில்லையா என்று நான் அம்மாவுக்கு ஞாபகப்படுத்தினேன். அம்மாவின் காதில் விழவில்லை போலும். அப்பா கோட்டைப் போட்டுக்கொண்டு சித்தப்பாவோடு ஸ்டேஷனுக்கு நடந்தார். ரயில் புறப்பட்ட பிறகே திரும்பினார். மரியாதைக்கு வழியனுப்பப் போனார் என்று நினைத்தேன்.

சித்தி அந்த அறையில் அதற்குப் பிறகும் நெடுநாள் இருந்தார். அங்கே இருந்தே டொச் மொழி படித்தார், முதியோர் இல்லத்தில் வேலை எடுத்தார், கடைசியில் தனக்கென்று ஒரு வீடும் பார்த்துக்கொண்டார்.

ஆனால் எனக்கு அதிகம் நினைவிருப்பது அந்த ஞாயிற்றுக்கிழமையின் மிச்சம்தான். அப்பா திரும்பிவந்ததும் சித்தி கதவைத் திறந்து வெளியே வந்தார். அழுவார் என்று எதிர்பார்த்து நான் தண்ணீரோடு நின்றேன். அவர் என்னை ஜாக்கெட் போடச் சொன்னார். வந்ததிலிருந்து சித்தி ஒருநாளும் தெருவில் உலாத்தப் போனதில்லை. இருவரும் பழைய நகரத்துத் தெருக்களில் நடந்தோம். ஞாயிறு என்பதால் கடைகளெல்லாம் பூட்டு. சித்தி தெருவின் நடுவால் கைவீசி நடந்தார். ஒவ்வொரு கடையின் கண்ணாடிக்கு முன்னாலும் நின்றார். சப்பாத்துக்கடை, மணிக்கூட்டுக்கடை, மருந்துக்கடையைக்கூட விடவில்லை.

"பூட்டின கடையில என்ன பாக்கிறியள்?" என்று கேட்டேன்.

"சும்மாதான்" என்று சொல்லி அடுத்த கண்ணாடிக்குப் போனார்.

எனக்குக் கால் விறைத்தது. பெரியவர்களுக்கு நேரத்தின் அருமை தெரிவதில்லை என்று சலித்தபடி, அவருடைய கையை வீட்டுப் பக்கம் இழுத்துக்கொண்டே இருந்தேன்.