செம்போத்து போன பக்கம்

என் சம்பந்தி என்றதும் கண்ணில் வந்து நிற்பது, பென்னாகரத்துக்கு அப்பால் சரணாலயக் காட்டு வாசலில் அவர் என்மேல் போர்த்திவிட்ட பழைய பச்சைப் போர்வைதான். அன்றைக்கு நான் கஞ்சி போட்ட வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, விரலுக்கொரு மோதிரம், கமகமவென்று சென்ட் என்று போய் இறங்கியிருந்தேன். சம்பந்தம் பேசப் போகிறவன் வேறு எப்படிப் போவான்? அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இந்த வெள்ளையப் பாத்தா குருவியெல்லாம் கர்நாடகாவுக்கே போயிருங்க" என்று சொல்லிப் போர்வையைப் போர்த்திவிட்டார். இண்டூரில் என் வீட்டைவிடப் பெரிய வீடு இன்றுவரை யாரும் கட்டவில்லை. அப்பேர்ப்பட்டவன், பலி கொடுக்க மாலை போட்ட கிடா போல வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

காரணம் என் மகள். வந்த வரன் அவளுக்குப் பிடித்திருந்தது; பையனுக்கும் பிடித்திருந்தது. மீதி இருந்தது பையனுடைய அப்பாவின் சம்மதம் மட்டும். மொரப்பூரில் ரயில்வே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீடு வாசல் பார்க்க வரச் சொன்னால், "வூட்டுல எல்லாரும் வேஷம் கட்டிக்கிட்டு நிப்பாங்க. காட்டுல ஒரு காலை கூட நடந்தா ஆளு தெரிஞ்சிரும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். பறவை பார்ப்பதில் அவருக்குப் பைத்தியம். நான் அசரவில்லை. போர்வெல் வண்டியில் மண் அள்ளி ஆரம்பித்து, சொந்த வண்டிகள் ஓட விட்டவன். பூமிக்கடியில் எங்கே தண்ணீர் என்று சொல்லுகிற எனக்கு, மரத்துமேல் உட்கார்ந்திருக்கும் குருவி எம்மாத்திரம்?

நான் செய்த ஒரே தப்பு, என் மச்சினனைக் கூட்டிப் போனது. தாய்மாமன் தலையாட்டாமல் எங்கள் வீட்டில் பெண்ணுக்குத் தட்டு மாற்ற முடியாது. அவனோ சகுனம் பார்க்காமல் செருப்புக்கூட மாட்ட மாட்டான்.

உள்ளே நடந்தோம். பேசக் கூடாது, கை நீட்டக் கூடாது, எந்தப் பறவையையும் கலைக்கக் கூடாது என்று சம்பந்தி முன்பே சொல்லிவிட்டார். பேசாமல் இருந்து எனக்குத் தாடை வலித்தது. அப்போதுதான் வலது பக்கத்துப் புதரிலிருந்து ஒரு செம்போத்து, செம்பு நிறச் சிறகை விரித்துத் தாழப் பறந்து, எங்கள் பாதையைக் குறுக்கே கடந்து இடது பக்கம் போய் உட்கார்ந்தது.

"ஆகா!" என்றார் சம்பந்தி, பைனாகுலரைத் தூக்கிக்கொண்டு.

"ஐயோ!" என்றான் மச்சினன். "வலத்திருந்து இடம் போயிருச்சுங்க மாமா. இந்தச் சம்பந்தம் வேணாங்க."

ஊருக்கு ஊர் இதைத் திருப்பியும் சொல்வார்கள். எங்கள் வீட்டில் மச்சினன் சொன்னதுதான் சட்டம். "டேய், நாம திரும்பி நின்னுக்கிட்டா இடம் வலமாயிரும்டா" என்று அவன் தோளைப் பிடித்துத் திருப்பினேன்.

"முதுகுக்குப் பின்னால போனது கணக்குல வராதுங்க. அதுவா திரும்பி வலத்துக்கு வந்தாத்தான் உண்டு."

அதுவோ சிவப்புக் கண்ணை உருட்டிக்கொண்டு வெயில் காய்ந்தது. காத்திருந்தோம். என் மகள் முகம் நினைவுக்கு வந்தது. குனிந்து ஒரு கல்லை எடுத்தேன்.

"கல்லைக் கீழ போடுங்க" என்றார் சம்பந்தி. அவர் குரலிலேயே சம்பந்தம் முறிந்துவிட்டது என்று நினைத்தேன். "என்னங்க பிரச்சினை?" என்று கேட்டார்.

சொன்னேன். "எம் பொண்ணு ஆசைப்பட்டுட்டாங்க" என்பதையும் சேர்த்துச் சொன்னேன். யாரிடமும் தாழாத என் குரல் அங்கே தாழ்ந்தது.

அவர் பைனாகுலரைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினார். சூரை முள்ளுக்குள் புகுந்து, சட்டை கிழிய, புதரைச் சுற்றிக்கொண்டு செம்போத்துக்குப் பின்பக்கம் போனார். நின்றார். கோயில் புறா படபடத்து எழும்புகிற சத்தம் மாதிரி இரண்டு கையையும் பட்டென்று தட்டினார். அலறியடித்துக்கொண்டு அது வலப் பக்கம் பறந்தது.

"ஓட்டி விட்டது கணக்குல சேருங்களா?" என்றான் மச்சினன், இழுத்தாற்போல.

முள்ளுக்குள்ளிருந்து பதில் வந்தது: "தட்டுனது நானு. பறந்தது அதுதானுங்களே!"

மச்சினன் யோசித்தான். பிறகு தலையாட்டினான். நான் சந்தோஷத்தில் காடே அதிரக் கத்தினேன். அன்று அதன்பின் ஒரு குருவிகூடக் கண்ணில் படவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்தே காட்டுக்குப் போய்வந்தோம். இப்போது அவருக்கு முழங்கால் போய்விட்டது. ஆபரேஷனுக்கு நாள் பார்த்திருக்கிறார்கள். அதனால் நான் மட்டும் காட்டுக்குப் போய் வருகிறேன். போன வாரம் செம்போத்து ஒன்று குறுக்கே பறந்ததும் போன் போட்டேன். சகுனமெல்லாம் மூடத்தனம் என்று எனக்கு வருஷக்கணக்காகப் பாடம் எடுத்த மனிதர், மெதுவாகக் கேட்டார்: "எந்தப் பக்கமா போச்சுங்க, சம்பந்தி?"

இடப் பக்கம்தான் போனது. "வலத்துக்குத்தானுங்க" என்றேன். போனை வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, செம்போத்துக்குப் பின்பக்கம் போக முள்ளுக்குள் இறங்கினேன்.