காதுகுத்து வீட்டுக்கு வடிகட்டிய பாட்டு

நாகலாபுரம் பக்கம் எந்த விசேஷமானாலும் வெயிலுமுத்துவின் மைக்செட்தான் பாடும். அவர் மகள் ப்ரியதர்ஷினி பிளஸ் டூ முடித்துவிட்டுக் கோவில்பட்டியில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனாள். கம்ப்யூட்டருக்கு வேலைகளை வரிவரியாகச் சொல்லும் ஷெல் ஸ்கிரிப்ட் எழுதப் பழகிய நாளிலிருந்து அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"லிங்கராஜ் மாமா வீட்டுக் காதுகுத்துக்கு லேப்டாப்லயே பாட்டுப் போடுதேம்ப்பா" என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

"சரிட்டி. தப்பான பாட்டு ஒலிச்சா அத மூடிட்டு என் பென்டிரைவச் சொருகிருவேன். பெறகு மைக்செட் பக்கமே நீ வரப்படாது."

அப்பாவின் பாட்டுகள் ஒவ்வொன்றின் பெயருக்கும் முன்னால் சாமி, குத்து, சோகம் என்று போட்டிருக்கும். ப்ரியதர்ஷினி எல்லாப் பெயர்களையும் அர்ரே என்கிற ஒரே வரிசையில் அடுக்கினாள். ஸ்கிரிப்டுக்கு இரண்டே வேலை. 'சோகம்' என்று தொடங்குவதைக் கழித்துக்கட்ட வேண்டும். மற்றவற்றில் முன்னால் இருக்கும் வார்த்தையை வெட்டி, வெறும் பாட்டுப் பெயரோடு நகல் எடுக்க வேண்டும். ஓடவிட்டாள். பிழை ஒன்றும் காட்டவில்லை.

காதுகுத்தன்று காலையில் சாமி பாட்டுகளை அவளே பொறுக்கிப் போட்டாள். பிறகு வரிசையை அதன் போக்கில் விட்டாள். தாய்மாமன் சோலைச்சாமியின் மடியில் பிள்ளை. ஆசாரி ஒரு காதைக் குத்திவிட்டு மறு காதைப் பிடித்தார். குழாய் ஸ்பீக்கரில் ஒரு பெண், "என்னத் தனியா விட்டுட்டுப் போயிட்டீரே!" என்று கதறினாள்.

பந்தியில் இருந்தவர்கள் பாதி இட்லியோடு எழுந்துவிட்டார்கள். "ஏலே, யாருலே போனது?"

"ஏட்டி, காதத்தான குத்துதோம்! எதுக்கு ஒப்பாரி?" என்றார் சோலைச்சாமி.

பதறி அடுத்த பாட்டைத் தட்டினாள். அதில் ஒருவன் சுடுகாட்டுக்கு வழி கேட்டான்.

அப்பா பென்டிரைவோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். ஸ்கிரிப்டைத் திறந்தவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வெட்டுகிற வரி மேலே, வடிகட்டுகிற வரி கீழே! எல்லாப் பெயரிலிருந்தும் 'சோகம்' என்பதை வெட்டி எறிந்துவிட்டு, அப்புறம் 'சோகம்' எங்கே என்று தேடினால் எது அகப்படும்? அத்தனை அழுகையும் நல்ல பிள்ளை மாதிரி வரிசைக்குள் உட்கார்ந்திருந்தது.

நகல்களை அழித்தாள். இரண்டு வரிகளையும் மேல்கீழாக மாற்றினாள். எண்டர்!

அப்பாவின் கை லேப்டாப் மூடியில் விழவும், குழாயில் குத்துப்பாட்டு வெடிக்கவும் சரியாக இருந்தது.

"அண்ணாச்சி, மூடாதிய! அங்கன பாருங்க!" என்று கத்தினாள் பிள்ளையின் அம்மா வள்ளிமயில்.

சோலைச்சாமி மருமகளைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடினார். ஆசாரி ஊசியும் கையுமாகப் பின்னாலேயே ஓடினார்.

வெயிலுமுத்து கையை எடுத்தார். "ஏட்டி, சத்தத்தக் கொஞ்சம் கூட்டு."