எடுக்கப்படாத மூன்று அழைப்புகள்

என் கணினிக்குப் பக்கத்தில் ஒரு கறுப்பு ரப்பர் வாஷர் கிடக்கிறது. குழாய்க்குப் போடுவதுதான், பெரிய பொருளில்லை. ஆனால் யாராவது அதை எடுத்து விளையாடினால் எனக்குப் பொல்லாத கோபம் வரும்.

இரும்புலியூரில் உள்ள எங்கள் அலுவலகம் நிறுவனங்களைப் பற்றிய தகவல்களைத் திரட்டி இணையத்தில் வைக்கிறது. வங்கிகளும் வெளிநாட்டு வியாபாரிகளும் சந்தா கட்டி அதைப் பார்க்கிறார்கள். யாரை நம்பலாம் என்று அதை வைத்தே முடிவெடுக்கிறார்கள். பட்டியலில் உள்ள நிறுவனம் இயங்குகிறதா என்று போன் செய்து பார்ப்பது என் வேலை. மூன்று நாள் கூப்பிட்டும் எடுக்காவிட்டால் ‘இயங்கவில்லை’ என்று போட்டுவிடலாம் என்பது எங்கள் வழக்கம். அப்போது நான் சேர்ந்த புதிது. எல்லோரையும்விட வேகமாக முடிக்கிறேன் என்ற தலைக்கனம் வேறு. கீழ்க்கட்டளை வாஷர் கம்பெனி ஒன்றையும் அப்படித்தான் மூடினேன்.

இரண்டு வாரம் கழித்து அதன் முதலாளியம்மா ஹெல்மெட்டும் கையுமாக வந்து நின்றார். அவருக்கு முதன்முதலாக வந்த வெளிநாட்டு ஆர்டரை, எங்கள் பதிவைப் பார்த்துவிட்டு அந்த வியாபாரி நிறுத்தி வைத்திருந்தார்.

“இன்னாம்மா, ஓடிக்கினு கீற கம்பெனிய இங்க குந்திக்கினே மூடிட்டியே?”

“மூணு நாள் கூப்பிட்டேன் மேடம், யாருமே எடுக்கலை” என்றேன்.

“வா, வண்டில ஏறு” என்றார்.

அவர் குடும்பத்து வயலில் மிஞ்சிய துண்டில் போட்ட ஷெட் அது. உள்ளே நான்கு மெஷின்கள் போட்ட சத்தத்தில் என் குரலே எனக்குக் கேட்கவில்லை. கூப்பிடச் சொல்லிச் சைகை காட்டினார். கூப்பிட்டேன். பிளாஸ்டிக் உறை போட்ட லேண்ட்லைனில் சிவப்பு விளக்கு மட்டும் மினுக்கியது. ஒருவரும் திரும்பவில்லை.

வெளியே வந்து, “பதினோரு மணி டீக்குத்தாம்மா மெஷின நிறுத்துவோம். போன் எடுக்கலன்னா வேலை நடக்குதுன்னு வெச்சுக்க” என்றார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அங்கிருந்தே மேலாளரிடம் பேசிப் பதிவைத் திருத்தினேன். தவறு எங்களுடையது என்று அந்த வியாபாரிக்குக் கடிதமும் அனுப்ப வைத்தேன். பத்து நாளில் ஆர்டர் திரும்பியது. அதில் முதலில் அடித்த வாஷரைத்தான் என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

பதிவில் ‘கூப்பிட ஏற்ற நேரம்’ என்று ஒரு கட்டம் சேர்க்கச் சொல்லி அலுவலகத்தில் நான் போட்ட சண்டை தனிக்கதை. சேர்த்துவிட்டார்கள்.

இன்று காலை அந்தக் கம்பெனியின் பெயர் மறுபடி சரிபார்ப்புக்கு வந்தது. கட்டத்தில் பதினொன்று என்று தெளிவாக இருக்கிறது. மணி பத்தேகால்தான். தெரிந்தேதான், வாஷரை விரலில் மாட்டிக்கொண்டு கூப்பிட்டேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. யாரும் எடுக்கவில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.