மேல் லயத்துக்கும் கீழ் லயத்துக்கும் ஆயுதக் குறைப்பு

மலேசியாவில் கோலா கங்சார் போகிறவர்கள் அரண்மனையையும் ஆற்றங்கரையையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நான் 1987 டிசம்பர் கடைசியில் போனது அக்காவுக்குப் பிறந்த குழந்தையைப் பார்க்க. அப்போது ஈப்போ புந்தோங்கில் குடியிருந்தேன். அங்கிருந்து ஐம்பது கிலோமீட்டர், பஸ்ஸுக்கு இரண்டு வெள்ளிச் சொச்சம். இறங்கியதும் ரப்பர் பால் லாரி ஒன்றில் தொற்றிக்கொண்டு அக்கா இருந்த ரப்பர் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

அக்காவைப் பார்த்துத் திடுக்கிட்டேன். கண்கள் குழி விழுந்திருந்தன. காரணம் மறுநாள் விடியற்காலை நாலு மணிக்குத் தெரிந்தது. மார்கழி மாதம். லயம் என்கிற தொழிலாளர் வீட்டு வரிசைகள் அங்கே இரண்டு. மேல் லயத்து மாரியம்மன் கோயிலில் நாலு ஒலிபெருக்கி, கீழ் லயத்து முருகன் கோயிலில் நாலு. இரண்டும் சாமி பாட்டுகளைப் போட்டி போட்டு அலற, குழந்தை வீறிட்டது. போன வருஷம் ஆளுக்கு ஒன்றுதானாம். அவர்கள் இரண்டு வைக்க, இவர்கள் மூன்று வைக்க, இப்படி வளர்ந்திருக்கிறது. கீழ்க் கோயில் தலைவர் யாரென்று நினைக்கிறீர்கள்? சாட்சாத் என் அத்தான்தான்!

அன்று மாலை குழந்தையைப் பார்க்க மேல் கோயில் தலைவர் சின்னையா அண்ணன் வந்தார். அத்தான் பேப்பரை விரித்து வைத்திருந்தார். அமெரிக்காவும் ரஷ்யாவும் அணுகுண்டு ஏவுகணைகளை அழிக்கக் கையெழுத்துப் போட்டிருந்த மாதம் அது.

"பாருங்கண்ணே, எவ்ளோ பெரிய வல்லரசு! எறங்கி வந்துட்டான்லா" என்றார் அத்தான்.

"ஏமாத்திட்டா?" என்றார் சின்னையா அண்ணன்.

"அதான் இவன் ஆளு அங்க போயி பாப்பான், அவன் ஆளு இங்க வந்து பாப்பான்."

அக்கா குழந்தையோடு வந்து நின்றாள். "அப்ப நீங்க போயி அவங்க ஸ்பீக்கரக் கழட்டுங்க. அண்ணே, நீங்க வந்து இவரோடதக் கழட்டுங்க. பிள்ள தூங்கட்டும்லா."

"மொதல்ல அவங்க" என்றார் அத்தான். "ஏன், நீங்க மொதல்ல" என்றார் அவர். அக்கா குழந்தையைச் சின்னையா அண்ணன் மடியில் கிடத்திவிட்டுச் சாமான் கழுவப் போய்விட்டாள். அது கத்திய கத்தில் ஐந்தே நிமிடத்தில் உடன்பாடு வந்தது: ஆளுக்கு ஒன்று, அதுவும் கோயிலுக்குள் மட்டும். இருட்டுவதற்குள் ஒரே நேரத்தில் ஒருவர் கோயிலில் மற்றவர் ஏணி ஏறினார். கழற்றிய ஆறும் அக்காவின் கட்டிலுக்கடியில் போயின.

ஒன்றை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. அந்தப் பாட்டைக் கேட்டுத்தான் மொத்தத் தோட்டமும் எழுந்துகொண்டிருந்தது. மறுநாள் வேலைக்கு ஆள் எடுக்கும் பிரட்டு மணி அடித்தபோதுதான் அத்தான் துள்ளி எழுந்தார். வெளியே ஜனங்கள் வாளியோடு ஓடினார்கள். தேநீருக்காக அக்காவை எழுப்பப் போனவரின் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

இன்று அங்கே எண்ணெய் எடுக்கும் செம்பனைதான், லயங்கள் இல்லை. ஈப்போவிலிருந்து பழைய சாலையில் காரில் ஒரு மணி நேரம். சாயங்கால மழைக்கு முன் திரும்பிவிடுங்கள். பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு யோசனை: சட்டை, பொம்மையெல்லாம் அப்புறம். சோற்றை ஆக்கி வைத்து, பெற்றவளைத் தூங்க விடுங்கள்.

அன்று அக்கா எழுந்தபோது மணி எட்டு. பதறிப்போய், "பிள்ள அழுவலயாடா?" என்றாள்.

"அழுதுச்சுக்கா. ஒனக்குத்தான் கேக்கல."